யாரும் கிட்டே வரவில்லை

காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு குடிகாரர்களின் வாய்க்கு எதிரே உட்காருவதுதான் என் வேலை. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. மூச்சை இழுங்கள் என்றால் இழுப்பார்கள், விடுங்கள் என்றால் இருபத்திரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் விடுவார்கள். பல் துலக்காத வாய், பீடி வாய், சொத்தைப்பல் வாய், மாத்திரை தின்று கசந்துபோன வாய். குடியை நிறுத்திவிட்டால் வாய் மணக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் இல்லத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் வரலாம்.

அண்ணாமலை நகரில் யோகாவில் எம்.எஸ்ஸி. படித்தேன். அங்கே மூச்சுதான் உயிர், மூச்சுதான் கடவுள் என்று சொல்லித் தந்தார்கள். சொன்னவர்களும் கேட்டவர்களும் குளித்து, பல் துலக்கி, இரண்டு இட்லி சாப்பிட்டு வந்தவர்கள். கடவுள் அங்கே இருப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்? படித்து முடித்து மூன்று வருடம் வேலை தேடியதில் கிடைத்தது கடலூர் முதுநகருக்குத் தெற்கே இருக்கும் இந்த ‘தெளிவு’ போதை மீட்பு இல்லம். தெற்குக் காற்று அடித்தால் சிப்காட் கெமிக்கல் தொழிற்சாலைகளின் நாற்றம் ஜன்னல் வழியாக வரும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே இருப்பவர்களின் நாற்றம். எதைச் சகிக்கலாம் என்று தினமும் காலையில் நான் முடிவு செய்தாக வேண்டும்.

எங்கள் அப்பா குடித்ததில்லை. அதனால் இந்த நாற்றத்தை எனக்கு யாரும் பழக்கவில்லை. ஒருநாள் மூச்சை மூக்கால் வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதி செய்யும்போது முன்வரிசை ஆளின் சளி தெறித்து என் விரிப்பில் விழுந்தது. அந்த விரிப்பை அன்றைக்கே கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டேன். மறுநாளிலிருந்து முன்வரிசைக்கும் எனக்கும் நடுவில் ஆறடி விட்டேன். காற்றோட்டத்துக்காக என்று நிர்வாகி பாலகுமார் சாரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, தலையாட்டினார்.

அந்த ஆறடிக்கு அப்பால், வலதுகைக் கடைசியில் உட்காருபவர் தட்சிணாமூர்த்தி. ஐம்பத்திரண்டு வயது. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்திநாலு வருடமாக ஆபரேட்டர். பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் வைத்து, கைகால் உதறலையெல்லாம் ஒருவாறு அடக்கி, எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். முதல் வாரத்திலேயே கவனித்தேன். நான் இழுங்கள் என்றால் அவர் நெஞ்சு அசையவில்லை, வயிறு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

“தட்சிணாமூர்த்தி அண்ணே, யார ஏமாத்துறீங்க? உங்களுக்குத்தான் நான் கத்திக்கிட்டு இருக்கேன்.”

“இழுக்குறேன் டீச்சர்ம்மா.”

“எங்க இழுக்குறீங்க? தொண்டையோட நிக்குது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் கஞ்சிக்குப் போன பிறகு, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார்.

“ஆழமா இழுத்தா பயமா இருக்குது டீச்சர்ம்மா. கம்பெனில சேந்த அன்னிக்கே சீனியருங்க மொத பாடமா சொல்லிக் குடுத்தது அதான். டேங்க் மூடியத் தெறக்குறதுக்கு முன்னாடி மூச்சக் கட்டு, எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு பாரு, நாப்பது எண்ணுறதுக்குள்ள வெளில வந்துடு. மத்த நேரத்துலயும் மேலாக்கத்தான் மூச்சு உடணும். இருபத்திநாலு வருசம் அப்படியே பழகிப்போச்சு. வூட்டுலயும் அப்படித்தான், தூக்கத்துலயும் அப்படித்தான்.”

“அதுக்கும் குடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஷிப்ட் முடிஞ்சா அந்த வாட தொண்டையிலயே ஒக்காந்திருக்கும். சோறு எறங்காது. ஒரு குவார்ட்டர் உட்டா வாட போயிடும். மொதல்ல வாடைக்காகக் குடிச்சேன். அப்புறம் காரணமே தேவப்படல.”

இதைக் கேட்டு மனம் இளகியது என்று எழுதினால் பொய். சாக்குச் சொல்லாத குடிகாரன் எங்கே இருக்கிறான்? ஆனால் மூச்சு விடத் தெரியாத ஆள் என் கையில் கிடைத்ததில் ஒரு வைராக்கியம் பிறந்தது. இவரை மூச்சு விட வைக்காவிட்டால் நான் படித்த படிப்பு என்ன படிப்பு? நாடிசோதனம் ஆரம்பித்தேன். இடது மூக்கில் இழுத்து வலது மூக்கில் விடுவது, பிறகு வலதில் இழுத்து இடதில் விடுவது. முதலில் நாலு எண்ணும்வரை, பிறகு ஆறு. ஆறடி தூரத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தேன். வயிற்றில் கை வைத்துக் காட்டினால் ஒரு நாளில் புரிகிற விஷயம், அவருக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. நான் கையை வைக்கவில்லை.

அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. மகள் ஸ்ரீமதிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். அவர் இல்லத்துக்கு வந்து நாற்பத்தைந்தாவது நாளில் முகூர்த்தம். அந்தப் பெண் போனில் அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருந்தாள். குடிக்காமல் வந்தால் அப்பாவும் அம்மாவும் மேடையில் நின்று தாரை வார்க்கலாம். வாயில் வாடை இருந்தால் சித்தப்பா செய்வார், அப்பா கீழேயே நிற்கட்டும். கண்டிப்பான பெண். எனக்குப் பிடித்திருந்தது.

“எனக்கு வேற ஒண்ணும் வாணாம் டீச்சர்ம்மா. எம் பொண்ணு கைய அந்தப் பையன் கையில வச்சி, நான் தண்ணி ஊத்தணும். கை நடுங்கக் கூடாது. அம்புட்டுதான்” என்பார்.

முப்பதாவது நாளுக்கு மேல் அவர் நெஞ்சு அசைய ஆரம்பித்தது. குளியலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்துவந்து, தண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வாளிக்குள் ஊற்றிப் பழகினார். மற்ற ஆட்கள் கேலி செய்தார்கள். மனிதர் கண்டுகொள்ளவில்லை. நாற்பதாவது நாள் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பற்களைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போக அனுமதி உண்டு, ஆனால் இல்லத்து ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல். பாலகுமார் சார் என்னை அனுப்பினார்.

“ஒரு நிமிசங்கூட கண்ணுலேந்து உட்டுடாதீங்க இலக்கியா. நம்ம ஜனங்க கல்யாணத்துல சாமிக்கே ஊத்திக் குடுப்பானுங்க” என்றார்.

விடியற்காலை பேருந்தில் ஏறினோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. முகச்சவரம் செய்து, பவுடர் போட்டிருந்தார். நான் வேண்டுமென்றே ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். பேருந்து சிப்காட்டைத் தாண்டும்போது பெண்கள் முந்தானையாலும் ஆண்கள் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தினார்கள். அவர் பொத்தவில்லை. அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம் நெருங்கும்போதுதான் தோள் இறங்கியது.

கல்யாண மண்டபம் சிதம்பரம் பைபாஸ் ஓரம். வாசலில் அவர் மனைவி கொளஞ்சி நின்றிருந்தாள். புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை, என்னைப் பார்த்து மட்டும் கும்பிட்டாள்.

“பத்தே காலுக்கு முகூர்த்தம் மேடம். அதுவரைக்கும் இந்த மனுசன கொஞ்சம் பாத்துக்குங்க. நான் வந்தவங்கள பாக்கணும்” என்றாள்.

அப்போது எட்டரை மணி. ஒன்றேமுக்கால் மணி நேரம் ஒரு ஆளைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியமா? உள்ளே இடமில்லை என்று பின்பக்கமாக நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கம் என்றால் சமையல்கட்டு, பாத்திரம் கழுவும் இடம், எச்சில் இலைத் தொட்டி, ஜெனரேட்டர், அதற்குப் பக்கத்தில் பின்கதவு திறந்த ஒரு வேன். வேனுக்குள் நாலைந்து பேர் பிளாஸ்டிக் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். நேற்று ராத்திரி வரவேற்பில் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை. அவர்களில் மூத்தவராகத் தெரிந்தவர் இறங்கி வந்தார். தட்சிணாமூர்த்தியின் தம்பி தங்கராசு.

“வாண்ணே! எளச்சிட்டியே. ஒரே ஒரு கட்டிங் போடு, கை ஸ்டெடியா நிக்கும். மேடைல நடுங்குனா மாப்ள வூட்டுக்காரன் சிரிப்பான்.”

“வாணாம்டா.”

“டாக்டரே சொல்றான்ண்ணே, ஒரேடியா நிறுத்தக் கூடாதுன்னு.”

அந்த ஆளின் வாயிலிருந்து வந்த பிராந்தி நெடி என் மூக்கில் ஈரமாக ஒட்டியது. எந்த டாக்டர் என்று சத்தம் போட்டேன். சிரித்துக்கொண்டே வேனுக்குத் திரும்பினார்.

ஒன்பதே காலுக்கு வேனிலிருந்து ஒருவன் இறங்கி, ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நேற்றைய பிரியாணி. வெயில் அதன்மேல் ஏறியது. எச்சில் இலை, சாம்பார், டீசல், பிராந்தி, வாந்தி எல்லாம் ஒன்றாகக் கலந்து எழும்பியது. அந்த நேரம் பார்த்துத் தட்சிணாமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார்.

“டீச்சர்ம்மா, வாட வருது. வாயில தண்ணி ஊறுது. தாங்க முடில.”

நெற்றியில் வேர்த்திருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை அங்கிருந்து முன்பக்கம் கூட்டிப் போயிருக்க வேண்டும். ஒரு மூலையில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் குரலுக்கு நாடிசோதனம் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். யோகா படித்த முதல் வருடப் பெண்கூட அதைத்தான் செய்வாள். ஆனால் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் நானும் அந்த ஜெனரேட்டரைப் பிடித்துக்கொள்வேன்.

“பஸ்திரிகா பண்ணுங்கண்ணே. துருத்தி மாதிரி வேகமா இழுத்து வேகமா விடுங்க. ஆச போயிடும். நான் இதோ வந்துடுறேன்” என்றேன்.

பஸ்திரிகாவை அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இருபது தரம் செய்தால் நிறுத்த வேண்டும், ஓய்வு எடுக்க வேண்டும். எத்தனை தரம் என்று நான் சொல்லவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். யாரோ காப்பி கொடுத்தார்கள். இரண்டாவது காப்பியும் வாங்கிக் குடித்தேன். நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியாது. நாதஸ்வரம் வேகம் எடுத்தபோது நிமிர்ந்து மேடையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கைமேல் பெண்ணின் கை. சொம்பிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஊற்றிக்கொண்டிருந்தது தங்கராசுவும் அவர் மனைவியும். தங்கராசுவின் கை அப்படி நடுங்கியது, பாதித் தண்ணீர் ஐயரின் மடியில்.

பின்பக்கம் ஓடினேன்.

தட்சிணாமூர்த்தி நாற்காலிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து கிடந்தார். கண் இரண்டும் சிவந்து, சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கைவிரல்கள் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கி விறைத்திருந்தன. இன்னும் புஸ் புஸ்ஸென்று மூச்சை விட்டுக்கொண்டேயிருந்தார். என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். நாக்கு குழறியது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அளவுக்கு மீறி வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும், உதடு மரத்துப்போகும், விரல் இப்படித்தான் மடங்கும். மேலாக மூச்சு விட்டே பழகிய உடம்பு. நான் வருகிறேன் என்று சொன்னேன், நான் வரும்வரை மனிதர் விட்டுவிட்டுச் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

பத்தடி தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொளஞ்சி நின்றிருந்தாள்.

“பாத்தீங்களா மேடம்? நாப்பத்தஞ்சு நாளு வச்சிருந்து இதான் நீங்க பண்ண வைத்தியமா? பெத்த பொண்ணு கல்யாணத்துல ஊத்திக்கினு உழுந்து கெடக்குறாரு.”

“அவர் குடிக்கலம்மா!”

“இருவத்தஞ்சு வருசமா பாத்த கண்ணு இது. எங்கிட்டயே சொல்றீங்களா? எங் கொழுந்தனாரு கூப்புட வந்தவரு, ‘அண்ணன் ஏத்திட்டாரு’ன்னு ஓடியாந்து சொல்றாரு. வந்து பாத்தா கண்ணு செவந்து, நாக்கு கொழறி… பாப்பாகிட்ட போயி சொன்னேன். ‘சித்தப்பாவ மேல வரச் சொல்லும்மா’ன்னுட்டா. ஒரு பொட்டு அழுவல அவ.”

தங்கராசுவின் மூக்குக்குத் தன் வாயிலிருந்த பிராந்தியைத் தவிர வேறு எந்த வாடையும் தெரிந்திருக்காது. அந்த ஆள் சாட்சி சொல்லியிருக்கிறார். கொளஞ்சியோ பத்தடிக்கு இந்தப்பக்கம் வரவில்லை. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் ஊர் கள் என்றுதான் சொல்லும். ஆனால் ஊரைச் சொல்லி நான் தப்ப முடியாது. மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போனவள் நான்தான்.

“கிட்ட போயி மோந்து பாருங்க” என்றேன்.

“என்னா?”

“வாய மோந்து பாருங்கம்மா. உங்களுக்குத் தெரியாத வாடையா?”

என் குரலில் என்ன இருந்ததோ, கொளஞ்சி அசைந்தாள். எச்சில் தண்ணீரைத் தாண்டிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் குந்தி, முகத்தை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அப்படியே இருந்துவிட்டாள். இரண்டு, மூன்று மூச்சு. அவருடைய மூச்சு அவள் நெற்றி மயிரை ஆட்டியது.

உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள்.

“ஐயோ” என்றாள் கொளஞ்சி. சத்தம் போடவில்லை. கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “ஐயோ, நான் என்னா பண்ணிட்டேன். என் வாயாலயே போயி சொன்னனே.”

மெதுவாக, மெதுவாக என்று சொல்லி அவர் மூச்சை அடக்கவைத்தேன். முதல்முறையாக அவர் வயிற்றில் கை வைத்தேன். பத்து நிமிடத்தில் விரல்கள் விரிந்தன. நாக்கு திரும்பியது. முதல் கேள்வி முகூர்த்தம் ஆயிடுச்சா என்பதுதான். கொளஞ்சி தலையாட்டினாள். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

“நடுங்கல பாரு” என்றார் மனைவியிடம்.

நான் எழுந்தேன். “நான் போயி ஸ்ரீமதிகிட்ட சொல்றேன். தப்பு என்மேலதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“வாணாம் டீச்சர்ம்மா.”

“வேண்டாமா? உங்க தம்பி குடிச்சிட்டு மேடைல நிக்கிறாரு, உங்களக் குடிகாரன்னு…”

“கொளஞ்சி, நீயும் சொல்லாத. இன்னிக்கின்னு இல்ல, எப்பவும் சொல்லாத.” குரல் தெளிவாக இருந்தது. “நான் குடிச்சிருந்தேன்னா எம் பொண்ணு செஞ்சது நாயம். குடிக்கலன்னு தெரிஞ்சா, குடிக்காத அப்பன மேடை ஏத்தலியேன்னு அவ காலத்துக்கும் அழுவா. அவ குடிகாரன் பொண்ணா இருவத்திநாலு வருசம் இருந்துட்டா. இன்னும் ஒருநாளு இருந்துட்டுப் போறா.”

நாற்றத்துக்குப் பயந்து ஓடிய என்மேல் எனக்கு வந்த அருவருப்பில், அந்த ஜெனரேட்டர் பக்கத்து வாந்தி ஒன்றுமேயில்லை. குளித்துப் பல் துலக்கிய வாயை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணிடம் போய் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. தங்கராசு ஈரக்கையோடு வந்து, “உடுண்ணே, நான் பாத்துக்கிட்டேன்ல” என்று அண்ணன் தோளைத் தட்டினார். அந்தக் கையைப் பிடித்து முறுக்கலாம் என்று தோன்றியது. தட்சிணாமூர்த்தி, “நல்லதுடா” என்றார்.

பதினொன்றரைக்குப் பந்தி கூப்பிட்டார்கள். அப்போது பின்கதவு வழியாக ஸ்ரீமதி வந்தாள். கழுத்தில் மாலை, புதுத் தாலி, கூரைப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். தூரத்தில் அவளைக் கண்டதுமே தட்சிணாமூர்த்தி தோள் துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். குடித்த நாட்களில் பிள்ளைக்கு வாடை தெரியக் கூடாது என்று அவர் அப்படித்தான் செய்வாராம். கொளஞ்சி பிறகு சொன்னாள்.

ஸ்ரீமதி ஆறடிக்கு அப்பால் நின்றாள். துண்டைப் பார்த்தாள். முகம் இறுகியது.

“சாப்டியாப்பா?” என்றாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“சாப்புட்டுப் போ. வெறும் வயித்தோட போவாத.” என் பக்கம் திரும்பினாள். “மேடம், அப்பாவ பத்திரமா கூட்டிட்டுப் போயிடுங்க. மாப்ள வூட்டுக்காரங்க பாக்க வாணாம்.”

கொளஞ்சி முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். ஸ்ரீமதி இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார், இன்னொரு கை துண்டிலேயே இருந்தது. அவள் உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை, அந்தச் சுத்தமான வாயை அவர் மூடியே வைத்திருந்தார்.